சோலையம்மாளின் கையெழுத்து

"மரம் நட வந்திருக்கேன்னு மட்டும் சொல்லிராத பாப்பா. போன வருசம் நட்டதெல்லாம் ஆட்டு வயித்துக்குள்ள போயிருச்சு."

சோலையம்மாள் சொன்னதும் ஐஸ்வர்யாவின் முகம் சுருங்கியது. சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் வீட்டுப் பெண். பள்ளியில் சாரணியர் இயக்கத்தில் இருக்கிறாள். ஜனாதிபதி விருது வாங்க வேண்டுமானால், ஊருக்குப் பயன்படும் சேவை ஒன்றைத் தானே திட்டமிட்டுச் செய்து முடிக்க வேண்டும். அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை வெயிலில் சைக்கிள் மிதித்து நாரணாபுரம் வந்திருந்தாள்.

பட்டாசுக் கம்பெனிக்கு லீவு. தெருப் பெண்கள் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப சுவத்துல விழிப்புணர்வுப் படம் வரையட்டுமாக்கா?"

"வந்தவுக எல்லாம் வரைஞ்சு வரைஞ்சு, பெயின்ட்டு கனத்துல சுவரே ஒரு சாண் முன்னால வந்துருச்சு."

"கோயில் வாசலைக் கூட்டிப் பெருக்குறேன்."

"அது இந்தா இருக்காளே, முத்துமாரி, இவ வேலை. சண்டைக்கு வருவா."

"ஆமா, வருவேன்" என்றாள் முத்துமாரியம்மாள், துணியை உதறியபடி.

ஐஸ்வர்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "டீச்சர் ரெண்டு திட்டத்தைத் தள்ளிட்டாங்கக்கா. அடுத்த வருசம் பிளஸ் டூ. அப்பா இதுக்கெல்லாம் விடமாட்டாரு." மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "இங்க எழுதப் படிக்கத் தெரியாதவங்க யாராச்சும் இருக்காங்களா? நான் சொல்லித் தாரேன்."

துவைக்கும் சத்தம் நின்றது. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கச் சோலையம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. ஈரக் கையை மெல்லத் தூக்கினாள்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் சிலேட்டோடு வந்துவிடுவாள் ஐஸ்வர்யா. பாடம் லேசில் ஏறவில்லை.

"அக்கா, 'சோ'வுக்கு இரட்டைக் கொம்பு."

"கொம்பு வைக்க இதென்ன மாடா?"

ஐஸ்வர்யா சிரிப்பாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சோலையம்மாளின் விரலைப் பிடித்து, திரும்பத் திரும்ப எழுதவைப்பாள். வியாழன், வெள்ளி ஆனாலே அந்தப் பிள்ளைக்காகப் பனங்கிழங்கு வாங்கி வைக்கத் தொடங்கினாள் சோலையம்மாள்.

கடைசி ஞாயிறன்று டீச்சரும் வந்தார். தெருவே கூடி நின்றது. சோலையம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதி முடித்தாள். டீச்சர் கை தட்டினார். ஐஸ்வர்யா கட்டிப்பிடித்து அழுதே விட்டாள்.

"இனிமே பேங்குல கைநாட்டு வைக்கக் கூடாதுக்கா."

"வைக்கவே மாட்டேன் தாயி."

டீச்சரும் ஐஸ்வர்யாவும் தெருமுனை தாண்டும்வரை சோலையம்மாள் கையசைத்தாள்.

"ஏன் மதினி," முத்துமாரியம்மாள் நெருங்கி வந்தாள். "போன வருசம் எங்கிட்ட வந்த பிள்ளைக்கு நான் மூணே வாரத்துல முடிச்சுக் கொடுத்தேன். நீ எதுக்கு இம்புட்டு இழுத்த?"

"சீக்கிரம் கத்துக்கிட்டா அந்தப் பிள்ளை வராமப் போயிரும்ல. பத்தாங்கிளாஸ்ல தமிழ்ல முதல் மார்க் வாங்கினவ, 'சோ' தெரியாத மாதிரி உக்காந்திருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்ற சோலையம்மாள், பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"ஏ பாண்டிச்செல்வி, அடுத்த வருசம் உன் முறை. இப்பவே பேனாவைத் தலைகீழாப் பிடிச்சுப் பழகு."