பழைய கஸ்டமர்

"புதுசா வர்றவனுக்கு ஐந்நூறு, பதினோரு வருஷமா கட்டுறவனுக்கு ஆயிரமா?" என்று தணிகாசலம் கத்தினான். பூங்கோதை டீ டம்ளர்களைக் கணவனின் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தாள். இன்டர்நெட் கம்பெனியிலிருந்து வந்திருந்தவர் குரலைத் தணித்தார். "மேடம் பேர்ல புதுசா எடுத்துக்கலாம் சார். ஆனா பழைய கஸ்டமர் இந்த வீட்ல இல்லன்னு மேடம் எழுதித் தரணும்."

தணிகாசலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவ்வளவுதானா? ஏய், கையெழுத்துப் போடு."

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளிடம் கையெழுத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. வந்தவர் நீட்டிய தாளில் 'என் கணவர் இந்த முகவரியில் வசிக்கவில்லை' என்ற வரியை இரண்டு முறை படித்துவிட்டுப் போட்டாள். அடுத்து ஆபீஸிலிருந்து வீடியோ கால் வரும், சார் கண்ணில் படக்கூடாது என்றார் வந்தவர். தணிகாசலம் பனியனோடு மாடிப்படிக்குப் போய் நின்றுகொண்டான். பூங்கோதை கதவைத் தாழிட்டாள்.

போனில் ஒரு பெண் கேட்டாள். "தணிகாசலம்ங்கிறவர் உங்ககூட இருக்காரா மேடம்?"

"இல்ல."

"திரும்பி வருவாரா?"

'இல்ல'ன்னு சொல்லுங்க என்பதுபோல் வந்தவர் கையை ஆட்டிச் சைகை காட்டினார். பூங்கோதை அவரைப் பார்க்கவில்லை. "வர மாட்டார்" என்றாள்.

"முடிஞ்சுது மேடம், சாரைக் கூப்பிடுங்க" என்று வந்தவர் பையை எடுத்தார். அதற்குள் கதவு தட்டப்பட்டது. முதலில் விரலால், பிறகு உள்ளங்கையால். "ஏய், எவ்வளவு நேரம்? தெற!"

பூங்கோதை எழுந்து கதவருகே போனாள். ஒரு கணம் நின்றாள். பிறகு எக்கி, மேல் தாழ்ப்பாளையும் போட்டாள்.