நினைவில் இடமில்லாத பெண்

ஜாதகம் பார்த்த காலம் போய், காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் மீட்டர் சர்வருக்கு அனுப்புகிற நினைவு வரைபடத்தைப் பார்த்துத்தான் இப்போது தூத்துக்குடியில் சம்பந்தம் பேசுகிறார்கள். மகள் பொன்மலரின் வரைபடம் சுவரில் ஒளிர்ந்ததும் செல்லையா தலையைக் குனிந்துகொண்டார். அவள் நினைவில் தொண்ணூற்று நான்கு சதவீதம் நிரம்பியிருந்தது.

“இடமே இல்லையே அண்ணாச்சி! எங்க வீட்டு நல்லது கெட்டத இவ எங்க வச்சுக்கிடுவா? கல்யாணத்துக்கு முன்னாடி கொஞ்சம் அழிச்சிருங்க” என்றாள் மாப்பிள்ளையின் தாய்.

“எத அழிக்கட்டும் அத்தை?” ஆம்புலன்ஸ் ஓட்டுகிற பொன்மலர் வரைபடத்தைத் தொட்டாள். ஊரின் சந்துபொந்தெல்லாம் விரிந்தது. எந்த வீட்டில் யாருக்கு இதய நோய், யாருக்கு எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது என்று வந்துகொண்டே இருந்தது. செல்லையா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்து மாப்பிள்ளையின் வரைபடம் வந்தது. வெறும் பதினொரு சதவீதம்.

“அவனுக்கு மாத்திரை முதக்கொண்டு நான்தான் ஞாபகப்படுத்துவேன்” என்றாள் தாய், பூரிப்புடன்.

“அப்ப நல்லதாப் போச்சு. அவுகளுக்குத்தான் அவ்வளவு இடம் இருக்கே. ரெண்டு வீட்டு நல்லது கெட்டதையும் அவுகளே ஞாபகம் வச்சுக்கிடட்டும்” என்றாள் பொன்மலர்.

விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த கேசரித் தட்டை எடுத்த செல்லையா, அதை முதலில் மகளிடம் நீட்டினார்.