ஆண்கள் காப்பி

"இந்த நெஞ்சுவலி மாத்திரையை நாக்குக்கு அடியில வைக்கிறதுக்கு முன்னால வெட்கப்படாம ஒண்ணு சொல்லணும், பாக்சிக். தெம்புக்குன்னு நீல மாத்திரை ஏதாவது போட்டீங்களா?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்த மன்சூர் இல்லையென்று தலையாட்டினார். கேட்ட டாக்டர் ஹியூவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்; மலாய் வழக்கப்படி பெரியவர்களை மாமா, மாமி என்பதற்குப் 'பாக்சிக்', 'மாக்சிக்' என்றே கூப்பிடுவார். பக்கத்தில் நின்ற மனைவி ரொக்கியாவுக்குக் குப்பென்று வியர்த்தது.

டாக்டர் விளக்கினார். இந்த மாத்திரை, அந்த நீல மாத்திரை, இரண்டுமே உடம்பில் நைட்ரிக் ஆக்சைடு செய்யும் வேலையைக் கூட்டி ரத்தக்குழாயை விரிப்பவை. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் மளமளவென இறங்கி ஆளே போய்விடலாம். இப்போதெல்லாம் காப்பித் தூளில்கூட அதைப் பொடித்துக் கலந்து விற்கிறார்களாம்.

மாத்திரையோடு நீண்ட டாக்டரின் கையை ரொக்கியா எட்டிப் பிடித்தாள். மானம் போனால் போகட்டும், மனுஷர் பிழைக்க வேண்டும்.

"வேண்டாம் மகளே. இவருக்கே தெரியாது. இரவுச் சந்தையில 'ஆண்கள் காப்பி' பாக்கெட் வாங்கி, ஒரு மாசமா நான்தான் கலக்கிக் குடுக்கிறேன். இன்னைக்கும் குடுத்தேன்."

அது வெறும் வேர்ப்பொடியாகக்கூட இருக்கலாமே என்றார் டாக்டர்.

ரொக்கியா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இல்ல மகளே. நல்லா வேலை செய்யுது."

டாக்டர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு மாத்திரையைக் கீழே வைத்துவிட்டு வேறு ஊசி கொண்டுவரச் சொன்னார். என் கையாலேயே கொடுத்துக் கெடுத்தேனே என்று ரொக்கியா தலையில் அடித்துக்கொண்டாள்.

மன்சூர் மூச்சு வாங்க வாங்கப் பேசினார்.

"மாத்திரையைக் குடு மகளே. அந்தக் காப்பியை நான் ஒரு நாள்கூடக் குடிச்சதில்ல. வாயில வைக்க முடியாத கசப்பு. ஆசையாப் போட்டுத் தர்றா, மனசு நோகக் கூடாதேன்னு, அவ அந்தப் பக்கம் போனதும் ஜன்னல் வழியா வாழைக்கு ஊத்திடுவேன். வல்லாஹி, அல்லா மேல ஆணை."

மாத்திரை நாக்குக்கு அடியில் போனது. கொஞ்ச நேரத்தில் வலி அடங்கி அவர் முகம் தெளிந்தது. ரொக்கியா அல்லாவுக்கு நன்றி சொல்லி அழுதே விட்டாள்.

வெளியே கிளம்பிய டாக்டர் நின்று திரும்பினார்.

"அப்போ நல்லா வேலை செஞ்சதுன்னு சொன்னீங்களே மாக்சிக், அது எது?"

மன்சூர் காதுவரை சிவந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு மாதத்து அன்புக்கெல்லாம் காப்பிக் கடைக்காரனை வாழ்த்திக்கொண்டிருந்த ரொக்கியா, அப்போதுதான் தன் கணவரை நிமிர்ந்து பார்த்தாள்.