ஓரத்தைத் தாண்டியவை

ஓர் ஆஸ்பத்திரியில் பழைய ஸ்கேன் மெஷினும் புதிய ஸ்கேன் மெஷினும் அடுத்தடுத்த அறைகளில் இருந்தன.

பஸ் கண்டக்டர் சங்கிலியின் மூளையில் இருந்த கட்டியைப் பழையது படமெடுத்தது. "எலுமிச்சை அளவு. ஓரமெல்லாம் சுத்தம்" என்றது.

புதியதும் எடுத்துப் பார்த்தது. "அண்ணே, ஓரத்தைத் தாண்டிச் சில செல்கள் நழுவிப் போன தடம் தெரியுதே."

"எனக்குத் தெரியாதது அங்க இருக்காது, தம்பி."

"அந்தத் தைரியத்துலதான் அதுங்க நடமாடுதுங்க, அண்ணே."

டாக்டர் இரண்டு படங்களையும் பார்த்து, அந்த இடத்தையும் சேர்த்தே அகற்றினார். எடுத்ததைச் சோதித்தபோது அங்கே புற்றுநோய்ச் செல்கள் இருந்தன. பத்தாம் நாள் சங்கிலி யார் துணையுமின்றி நடந்தே வெளியே போனார்.

பழையது மெதுவாகச் சொன்னது: "எனக்கும் அங்கதான் சந்தேகமா இருந்துச்சு. நீ முந்திக்கிட்ட."