பக்கவாட்டுப் பார்வை

நாலாவது நாளும் அந்தப் பெரியவர் கடைக்கு வந்துவிட்டார்.

வந்தவர் டிவிக்கு எதிரே போட்டிருந்த சோபாவில் உட்காரவில்லை. நேராகச் சுவரோரம் போய், இரண்டு ஃப்ரிட்ஜுகளுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டு, கழுத்தைத் திருப்பி டிவியைப் பார்த்தார்.

"இங்கேர்ந்து பார்த்தா சாயம் போன புடவை மாதிரி இருக்கேம்மா?"

சத்யப்ரியாவுக்குத் தலை சுற்றியது. வாலாஜாபாத்திலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போகிறாள். காந்தி ரோட்டில் இருந்த அந்தக் கடையில் சேர்ந்து இருபது நாள்தான் ஆகிறது. இந்த மாதம் பெரிய டிவி ஒன்றாவது விற்றால்தான் வேலை நிலைக்கும் என்று முதலாளி கலியாணசுந்தரம் சொல்லியிருந்தார்.

"சார், இது எல்.சி.டி. நேரா உக்காந்து பாத்தா சூப்பரா இருக்குது. செவுத்துல ஒட்டிக்கினு யாரு சார் டிவி பாப்பாங்க?"

"பார்ப்பா, பார்ப்பா."

பெரியவர் கிருஷ்ணஸ்வாமி அவ்வளவுதான் சொன்னார். ரிட்டயரான கணக்கு வாத்தியார். சின்ன காஞ்சிபுரத்தில் வீடு.

"அப்போ இந்த டியூப் டிவி பாருங்க. எங்க நின்னு பாத்தாலும் கலர் மாறாது. வெலையும் கம்மி."

பெரியவர் டிவியின் அருகே போய், அங்கிருந்து பக்கவாட்டில் அடி அடியாக அளந்து நடந்தார். பதினாலாவது அடியில் நின்று திரும்பினார்.

"கலர் நன்னா இருக்கு. ஆனா கீழே ஓடற எழுத்து தெரியலையே."

"இருபத்தொம்பது இஞ்சுதான சார். அவ்ளோ தூரம் போனா எப்படி தெரியும்?"

"அப்போ அந்தப் பெரிசு?"

"அது பிளாஸ்மா. நாப்பத்திரண்டு இஞ்சு. எழுத்தும் தெரியும், கலரும் மாறாது. ஆனா வெலை ஜாஸ்தி, கரண்ட்டும் நெறைய இழுக்கும்."

முதல் நாள் அவருக்கு எல்.சி.டி. பிடித்தது. இரண்டாம் நாள் டியூப். மூன்றாம் நாள் பிளாஸ்மா. இன்றைக்கு மறுபடி முதலிலிருந்து. எது நல்ல டிவி என்று இப்போது சத்யப்ரியாவுக்கே மறந்துவிட்டது.

"ஏ.சி. காத்து வாங்க வர்ற ஆளும்மா. உட்டுத் தள்ளு" என்றார் முதலாளி, கல்லாவிலிருந்து தணிந்த குரலில்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. அவரிடமே கேட்டாள்.

"வீட்ல யாராவது படுத்த படுக்கையா இருக்காங்களா சார்?"

"பெருமாளே! அப்படியெல்லாம் இல்லை. நானும் ஆத்துக்காரியும்தான். ரெண்டு பேரும் சௌக்கியம்."

"நீங்க எங்க உக்காந்து பாப்பீங்க?"

"நானா? நேர் எதிர்க்கத்தான். சாய்வு நாற்காலி இருக்கே!"

அவளுக்கு இன்னும் குழம்பியது. நேர் எதிரே உட்காருகிறவருக்குச் சுவரோரத்தில் என்ன வேலை?

ஒரு மணி நேரம் அங்கேயும் இங்கேயும் நடந்துவிட்டு, "பிளாஸ்மாவே போடு" என்றார் பெரியவர்.

முதலாளியின் முகம் மலர்ந்துவிட்டது. ஆனாலும் சத்யப்ரியாவைத் தனியே கூப்பிட்டார். "நீயே கூடப் போயி, மாட்டிக் காட்டிட்டு வந்துடும்மா. இல்லேன்னா நாளைக்கே தூக்கிக்கினு வந்து நிப்பாரு."

மெக்கானிக் பழனி பெரியவர் வீட்டுக் கூடத்துச் சுவரில் டிவியை மாட்டினான். எதிரே சாய்வு நாற்காலி. பழனி சுவிட்சைப் போட்டதும் படம் பளிச்சென்று வந்தது. பெரியவரோ நாற்காலிப் பக்கமே போகவில்லை. கூடத்தின் மூலையைப் பார்த்து விடுவிடுவென்று நடந்தார்.

அங்கே சமையலறை வாசல். உள்ளே அடுப்படியில் அவர் மனைவி மங்கை உப்புமா கிளறிக்கொண்டிருந்தாள்.

"மங்கை, அப்படியே நின்னுண்டு தலையை மட்டும் திருப்பு. தெரியறதா?"

மங்கை திரும்பிப் பார்த்தாள்.

"தெரியறது."

"கீழே ஓடற எழுத்து?"

"அதுவும்."

பெரியவர் குழந்தை மாதிரி சிரித்தார். சத்யப்ரியாவிடம் சொன்னார்: "கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம் ஆறது. ஆத்துல டிவி வந்த நாள்லேர்ந்து இவ இந்த வாசப்படியிலேர்ந்துதான் பார்க்கறா. பழசுல உருவம்தான் தெரியும், எழுத்து தெரியாது. ‘என்ன போட்டிருக்கான், என்ன போட்டிருக்கான்’னு கேட்டுண்டே இருப்பா. எனக்கென்ன, நேரே உக்காரறவனுக்கு எதுவா இருந்தா என்ன?"

சத்யப்ரியா வாசப்படியையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏ.சி. காற்று வாங்க வந்தவர் என்றாரே முதலாளி! இவரைப் போய் மனசுக்குள் என்னென்னவோ திட்டினோமே!

பெரியவர் திருப்தியாகப் போய் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மங்கை இவளுக்கும் பழனிக்கும் காபி கொண்டுவந்தாள். சமையலறை வாசலில் நின்று டம்ளரை வாங்கும்போது சத்யப்ரியா மெதுவாகச் சொன்னாள்:

"நீங்க குடுத்து வெச்சவங்க மாமி. உங்களுக்காக நாலு நாளு கடையில சொவரோரமா நின்னு பாத்தாரு. இந்தக் காலத்துல யாரு மாமி இப்படி?"

மங்கை கூடத்தைப் பார்த்தாள். அங்கே செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

"நல்ல மனுஷர்தாம்மா. நான் இல்லேங்கலையே" என்றாள். அடுப்புப் பக்கம் திரும்பி, கரண்டியை எடுத்து மறுபடி கிளற ஆரம்பித்தாள். "ஆனா, ‘நீ போய் நாற்காலியிலே உக்காரு, இன்னிக்கு அடுப்பை நான் பார்த்துக்கறேன்’னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்தப் பழைய சின்ன டிவியே போதுமா இருந்திருக்கும்."