மூடாக்கு

கத்தரிச் செடியின் அடியில் மரச்சில்லுகளை விலக்கினாள்.

மண்ணில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கத்தான். தினமும் செய்வது. விரலை உள்ளே விட்டால் குளிர்ச்சி தெரியும். அதோடு சரி.

வானம் இன்னும் வெளுக்கவில்லை. வெண்டைச் செடிகள் நிழலாக நின்றன. இரவு பெய்த மழை இலைகளில் இருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

இன்று விரலுக்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்தது.

அவள் அசையவில்லை.

ஈர மண். மக்கிய மரம். எங்கோ ஒரு காளான். தூக்கத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல ஒவ்வொன்றாக வந்தன.

காய்ச்சல் போனபோது மூக்கையும் கூடவே கொண்டு போயிருந்தது. ஐந்து மாதம். காப்பித்தூள் டப்பாவுக்குள் முகத்தை விட்டுப் பார்த்தாள். கற்பூரத்தைக் கசக்கிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அடுப்பில் எது தீய்ந்தாலும் பக்கத்து வீட்டு நசீமாதான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுப்பாள்.

“அக்கா, உங்க பால்தான் தீயுது.”

பால் போனால் போகட்டும். அவளுக்கு இருந்த பயம் வேறு.

பீரோவில் கணவரின் சட்டை இருந்தது. இறப்பதற்கு முந்தின நாள் கழற்றிப் போட்டது. யாரையும் துவைக்க விடவில்லை. காய்ச்சல் வரும்வரை தினமும் ஒருமுறை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அதில் அவர் இருந்தார். காலரில் கொஞ்சம் அதிகமாக.

மூக்கு திரும்புவதற்குள் அந்த வாசனை போய்விட்டால்?

அந்தப் பயத்தில்தான் பாலித்தீன் பையில் சுற்றி, பூச்சி அரிக்காதபடி எல்லா ஏற்பாடும் செய்து, பீரோவைப் பூட்டிவிட்டாள். பிறகு தொடவே இல்லை.

எழுந்தாள். கையை இரண்டு தடவை கழுவினாள். சோப்பு போடவில்லை. சோப்பு வாசனை குறுக்கே வரும்.

பீரோவைத் திறந்தாள். பையைப் பிரித்தாள். கண்ணை மூடிக்கொண்டு முகத்தைப் புதைத்தாள்.

பாச்சை உருண்டை.

அது மட்டும்தான்.

சட்டைப்பையில் இரண்டு. மடிப்புக்குள் நான்கு. அவள் கையால் போட்டவை. போட்ட அன்றைக்கு அவளுக்கு அவை வெறும் வெள்ளை உருண்டைகள்.

காலரை அழுத்திப் பார்த்தாள். கைமடிப்பில் பார்த்தாள். கண் எரிந்தது. நெடி என்று சொல்லிக்கொள்ளலாம்.

நானே அவரை இன்னொரு தடவை அனுப்பிவிட்டேன் என்று நினைத்தாள்.

எங்கே போவது என்று தெரியவில்லை. கால் தோட்டத்துக்கே வந்தது.

இந்தச் சில்லுகளை மரவாடியிலிருந்து மூட்டை மூட்டையாக ஸ்கூட்டரில் கொண்டுவந்தவர் அவர்தான். மண்ணோடு கலக்காமல், தண்டைத் தொடாமல், போர்வை போர்த்துவதுபோல மேலே பரப்பினார். மூடி வைத்தால் உள்ளே இருப்பது எங்கேயும் போகாது என்பார். விடிந்தால் இங்கேதான் குந்தியிருப்பார். முழங்கால்வரை ஈரத்தோடு உள்ளே வந்தால் வாசற்படியிலேயே அவள் தடுப்பாள்.

“மண்ணு நாத்தம். குளிச்சிட்டு வந்து காப்பியத் தொடுங்க.”

முப்பது வருடம் சொல்லியிருக்கிறாள்.

வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

மெதுவாகக் குனிந்தாள். சில்லுகளை விலக்கினாள்.

ஒரு மூச்சு.

இன்னொன்று.

மூன்றாவதை இழுக்கவில்லை. சில்லுகளைச் சேர்த்து, தண்டைச் சுற்றி ஒரு விரல் இடம் விட்டு, மீதி மண் தெரியாமல் மூடினாள்.

நாளைக்கும் வேண்டும்.