ஒற்றைப் பக்கம்

"பெரிய ஃப்ரேம்வொர்க்ல நான் செஞ்ச வெப்சைட்ல லாகின், சாட், மேப் எல்லாம் ரெடியா இருக்கு. நீ சின்னதுல செஞ்ச இந்த ஒத்தைப் பக்கத்தை யாரும்மா பாப்பாங்க?" என்றார் குழுத்தலைவர் தனசேகர்.

"படகு கரைக்கு வந்துடுச்சான்னு தேடுறவங்க பாப்பாங்க சார்," என்றாள் நிறைமதி.

"நாளைக்கு வேற ஏதாவது கேட்டா?"

"நாளைக்குச் சேத்துக்கறேன்."

"நீ வேலையை விட்டுப் போயிட்டா?"

"அதுக்குள்ள அனுப்பியே வெச்சிட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு தளங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மீனவர் சங்கத்திலிருந்து வந்திருந்த சகாயராணி சிரிக்கவில்லை. தன் பழைய போனை நீட்டினாள். ஆபீஸ் வைஃபையில் அதில் இரண்டு தளங்களும் சட்டென்று திறந்தன.

"பாத்தியா? ரெண்டும் ஒண்ணுதான்," என்றார் தனசேகர்.

நிறைமதி எழுந்துபோய் வைஃபை ப்ளக்கைப் பிடுங்கினாள். போனில் ஒரே ஒரு கோடு சிக்னல். மறுபடி திறந்தாள். ஒற்றைப் பக்கத்தில் படகுகளின் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. பெரியதில் ஒரு வட்டம் மட்டும் சுற்றியது.

"ஏய், ப்ளக்கை மாட்டு!"

"கடற்கரையில யாரு சார் மாட்டுவா?"

தனசேகரே மாட்ட எழுந்தார். சகாயராணி குறுக்கே கையை நீட்டினாள்.

"உக்காருங்க தம்பி. புயலன்னைக்கு எங்க வீட்டுக்காரர் படகைத் தேடி நான் போன்ல இப்படிச் சுத்துறதைத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன். இந்த வட்டம் நிக்கிற வரைக்கும் நீங்களும் பாருங்க."

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.